கசக்கிக் கட்டியவர்: அழகன் பிரம்மலின் வாழ்வு

கூழானாலும் குளித்துக் குடிக்க வேண்டும், கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்பது தமிழர் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை. இப்பழமொழியைக் கேட்டறியாத ஓர் ஆங்கிலேயர், அதன் பொருளையே தம் வாழ்நாளின் ஒரே தொழிலாகக் கொண்டிருந்தார். அவர் நாடாண்டவர் அல்லர். நூல் இயற்றிப் புகழ்கொண்டவர் அல்லர். படையில் இருந்தும் போர்முனையைக் காணாதவர். உடுத்துவது ஒன்றையே அவர் செய்தார். கருநிறக் கோட்டு, வெள்ளைச் சட்டை, நீண்ட கால்சட்டை என்று உலகெங்கும் ஆண்கள் இன்று அணியும் உடையின் வரலாற்றைத் தேடிச் செல்வோர், அவர் வீட்டு வாயிலில் சற்று நேரம் நின்றுதான் மேலே செல்ல வேண்டியிருக்கிறது. அவர்தாம் ஜார்ஜ் பிரையன் பிரம்மல். லண்டன் மாநகரம் அவரை அழகன் பிரம்மல் என்று அழைத்தது.

பிரம்மல் 1778 ஜூன் 7 அன்று லண்டனில் பிறந்தார். தந்தையார் வில்லியம் பிரம்மல், அப்போது பிரதமராக இருந்த நார்த் பிரபுவின் தனிச்செயலர். பாட்டனாரோ ஒரு செல்வர் வீட்டில் பணியாளாக இருந்து, பின்னர் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் கனவான்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்தவர். பிறருக்கு உடையெடுத்துக் கொடுத்த குடும்பம், இரண்டே தலைமுறையில் ஆட்சியாளர்களின் வாயிலை எட்டியிருந்தது. ஆயினும் பட்டமோ பரம்பரைப் பெருமையோ அக்குடும்பத்திற்கு இல்லை. அந்நாளைய இங்கிலாந்தில் இது சிறிய குறையன்று.

சிறுவன் ஜார்ஜை ஈட்டன் பள்ளிக்கு அனுப்பினார் தந்தை. நாட்டை ஆளப் பிறந்தவர்கள் என்று கருதப்பட்டோரின் பிள்ளைகள் பயின்ற பள்ளி அது. அங்கேயே அவருடைய உடை ஒழுங்கும், எவரிடமும் தாழ்ந்து போகாத பேச்சும் பிறர் கவனத்தை ஈர்த்தன. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் சிறிது காலம் இருந்தார். படிப்பு அவரை நெடுநாள் பிடித்துவைக்கவில்லை. 1793-இல் தாயும், 1794-இல் தந்தையும் இறந்தனர். அதே 1794-இல் வேல்ஸ் இளவரசரின் சொந்தப் படையாகிய பத்தாவது குதிரைப்படையில் இளம் அதிகாரியாகச் சேர்ந்தார். இளவரசர் அவரைவிடப் பதினாறு ஆண்டுகள் மூத்தவர், ஆடம்பரப் பிரியர், நன்றாக உடுத்த வேண்டும் என்ற ஆசை மிகுந்தவர், எப்படி உடுத்துவதென்று உறுதியாக அறியாதவர். அந்த ஐயம் பிரம்மலிடம் இல்லை. நட்பு விரைவில் வளர்ந்தது. 1796-க்குள் பிரம்மல் காப்டன் ஆனார். 1798-இல் படை மான்செஸ்டருக்கு மாற்றப்பட்டபோது, ஆலைப்புகை சூழ்ந்த அந்நகரில் வாழ மனமின்றிப் பதவியை உதறினார். மறு ஆண்டு உரிய வயது நிறைந்ததும் தந்தையின் சொத்தில் அவருடைய பங்கு, இருபதாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தொகை, கைக்கு வந்தது. லண்டனின் மேஃபேர் பகுதியில், செஸ்டர்ஃபீல்ட் தெருவின் நான்காம் எண் வீட்டில் குடியேறினார்.

அக்காலத்து ஆண்களின் உடை எப்படியிருந்தது என்பதை அறிந்தால்தான் பிரம்மல் செய்தது விளங்கும். அரசவைக்குச் செல்லும் கனவான், பொன்னிழை வேலைப்பாடு கொண்ட பட்டு அல்லது வெல்வெட் கோட்டு அணிவார். மணிக்கட்டில் சரிகைப் பின்னல் தொங்கும். தலைமயிர் மீதோ பொய்முடி மீதோ வெண்பொடி தூவியிருக்கும். குளிப்பது அரிது, வாசனைத் தைலம் பூசுவது மிகுதி. உடுத்தியவரின் செல்வத்தையும் குலத்தையும் உடையே முன்வந்து அறிவித்தது. இந்த ஆட்டத்தில் பட்டமில்லாதவர் வெல்ல இயலாது. எத்தனை பொன்னிழை சேர்த்தாலும் ஒரு கோமகன் அதற்கு மேல் ஓரிழை சேர்த்துவிடுவார்.

மாற்றத்திற்கான காற்று முன்னரே வீசத் தொடங்கியிருந்தது. ஊர்ப்புறங்களில் தம் நிலங்களைச் சுற்றிக் குதிரையேறி வந்த ஆங்கிலக் கனவான்கள் எளிய கம்பளிக் கோட்டும் உயர்ந்த காலணியும் அணிந்தனர். 1789-இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி, பட்டும் பொடியும் பூண்டவனை மக்களின் பகைவன் போலக் காட்டியது. 1795-இல் பிரதமர் பிட், தலைப்பொடி பூசுவோர் ஆண்டுக்கு ஒரு கினி வரி கட்ட வேண்டுமென்று சட்டம் செய்தார். இளைஞர் பலர் பொடியைக் கைவிட்டு மயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டனர். ஆகவே எளிய உடையைப் பிரம்மல் தனியொருவராகக் கண்டுபிடித்தார் என்பது மிகை. சிதறிக் கிடந்தவற்றிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, வேண்டாதவற்றையெல்லாம் நீக்கி, எஞ்சியதைப் பிழையின்றிச் செய்தார் என்பதே சரி.

பகலில் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, மங்கிய மஞ்சள் நிற உள்கோட்டு, தோலாலோ நெருங்கிய நெசவுத் துணியாலோ ஆன கால்சட்டை, பளபளக்கும் உயர்காலணி. மாலையில் நீலக் கோட்டு, வெள்ளை உள்கோட்டு, கணுக்கால்வரை இறுகிப் பொத்தானிட்ட கறுப்புக் கால்சட்டை. நாள்தோறும் இவ்வளவே. நகைகள் இல்லை, நறுமணம் இல்லை, கண்ணைப் பறிக்கும் நிறம் இல்லை. தெருவில் போகிற சாதாரண மனிதன் ஒருவன் திரும்பிப் பார்த்தால், அப்படிப் பார்க்கப்பட்டவர் நன்றாக உடுத்தவில்லை என்றே பொருள். உடை மிக விறைப்பாகவோ, மிக இறுக்கமாகவோ, மிகப் புதுமையாகவோ இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கவனத்தைக் கவர்வதற்கே உடுத்திய ஒரு சமூகத்தில் இது புதிய விதி.

அலங்காரம் நீங்கிய இடத்தில் தையல் வந்து நின்றது. பட்டுத்துணி தைத்தவாறே நிற்கும். தையற்காரரின் கைக்கு வளைந்து கொடுக்காது. கம்பளியோ ஈரத்திற்கும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டிற்கும் இணங்கும். ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் விரியும். தோளையும் மார்பையும் தழுவி நின்று, உடலின் சிறு குறைகளை மறைத்து, இல்லாத நிமிர்வையும் தரும். லண்டன் தையற்காரர்கள் இக்கலையில் அக்காலத்தில் தேர்ந்திருந்தனர். கார்க் தெருவின் ஷ்வைட்சர் அண்டு டேவிட்சன், பாண்ட் தெருவின் வெஸ்டன், கான்டுயிட் தெருவின் மேயர் ஆகியோரிடம் பிரம்மல் தைத்துக்கொண்டார். உடலோடு ஒட்டி நின்ற அக்கோட்டுகளில் கிரேக்கச் சிற்பங்களின் வடிவொழுங்கைக் காணும் ஆடை வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். ஒரு முறை பெட்ஃபோர்ட் கோமகன் புதிதாகத் தைத்த கோட்டைக் காட்டிக் கருத்துக் கேட்டபோது, அவரை முன்னும் பின்னும் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்பொருளைக் கோட்டு என்றா அழைக்கிறார் என்று பிரம்மல் வியந்து கேட்டதாகக் கதையுண்டு. கோமகன் சினங்கொள்ளவில்லை. பணியாளரின் பேரன் பிரபுக்களுக்குத் தேர்வாளராகியிருந்தார்.

இந்த எளிமைக்குப் பின்னால் இருந்த உழைப்பு எளியதன்று. காலையில் அவர் உடுத்தி முடிக்கச் சில மணி நேரம் ஆகும். பல்துலக்குதல், முகம் மழித்தல், நீராடுதல், உடலைத் தூரிகையால் தேய்த்தல், மழித்தபின் எஞ்சிய ஓரிரு மயிர்களையும் சிறு இடுக்கியால் களைதல் என ஒவ்வொன்றும் முறைப்படி நடக்கும். தூய நீரில் துவைத்து நாட்டுப்புறத்து வெயிலில் உலர்த்திய லினன் துணிகளையே விரும்பினார். நாள்தோறும் குளித்து நாள்தோறும் சலவைத்துணி உடுத்தும் வழக்கம் அந்நாளைய ஆங்கில மேட்டுக்குடியில் பரவியதற்கு அவர் ஒரு பெருங்காரணம்.

கழுத்துத்துணிதான் அவருடைய தனித்திறன் வெளிப்பட்ட இடம். அதுவரை கஞ்சி போடாத மெல்லிய துணியைக் கழுத்தில் சுற்றினர். அது சற்று நேரத்தில் முன்புறம் பிதுங்கித் தொங்கிவிடும். பிரம்மல் அதற்கு அளவாகக் கஞ்சி போடச் செய்தார். சட்டையின் கழுத்துப்பட்டை முகத்தையே மறைக்கும் உயரமுடையது. அதை முதலில் கீழே மடித்துவிடுவார். பின்னர் ஓரடி அகலமுள்ள கழுத்துத்துணியைச் சுற்றி முடிச்சிடுவார். மோவாயைக் கூரைநோக்கி உயர்த்தி, அதன்பின் தாடையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துவார். துணி அந்த அழுத்தத்தில் மடிந்து அடுக்கடுக்காய்ப் படியும். படிந்தது சரியாக அமையாவிட்டால் திருத்த மாட்டார். அத்துணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை எடுப்பார். ஒரு காலையில் அவருடைய பணியாளர் ராபின்சன், கசங்கிய வெள்ளைத் துணிகளைக் கைநிறைய ஏந்தி மாடிப்படியில் இறங்கி வந்தபோது, எதிர்ப்பட்டவர் அவை என்னவென்று வினவ, அவை தங்கள் தோல்விகள் என்று அமைதியாகச் சொன்னாராம். எழுதிக் கிழித்த தாள்கள் காலடியில் கிடக்க அமர்ந்திருந்தவர்களுக்கு அக்குவியல் அந்நியமாகத் தோன்றாது.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய உடையை, வாயிலைக் கடந்தபின் அவர் ஒரு முறையும் தொட்டுச் சரிசெய்ததில்லை என்பர். கண்ணாடியை நாடியதில்லை. உழைப்பு முழுவதும் வீட்டினுள் முடிந்துவிட வேண்டும்; வெளியே அதன் சுவடு தெரியலாகாது. இளவரசரே செஸ்டர்ஃபீல்ட் தெருவுக்கு வந்து, அவர் உடுத்துவதைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். ஒய்ட்ஸ் மன்றத்தின் தெருப்பக்கத்து வளைவுச் சன்னலில் பிரம்மலும் நண்பர்களும் அமர்ந்து, போவோர் வருவோரின் உடையை மதிப்பிட்டனர். தெருவில் நடந்தோர் அச்சன்னலைக் கடக்கும்போது உள்ளூர நடுங்கினர். கவிஞர் பைரனும் அவருடன் பழகினார். அவருடைய உடையில் குறிப்பிடத்தக்க ஒரு பொருத்தப்பாடு தவிர வேறு தனித்தன்மை இல்லை என்று வியந்தவர்களுள் அவரும் ஒருவர்.

பிரம்மலும் கவிதை எழுதியதுண்டு. நண்பர்களின் பாடல்களையும் தம் பாடல்களையும் ஓர் ஏட்டில் அழகுறப் படியெடுத்து வைத்திருந்தார். அப்பாடல்களை இன்று எவரும் படிப்பதில்லை. அவருடைய கலையாற்றல் ஏட்டில் அன்றித் துணியிலேயே அமைந்தது. அக்கலைக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஏடு பெட்டிக்குள் கிடந்தாலும் பாட்டு பாட்டாகவே இருக்கும். உடுத்தியதைக் காண்பவர் இல்லாவிட்டால் அக்கலை இல்லை. காண்பவர் கண்ணையும், கடன் கொடுப்பவர் கையையும் நம்பியே பிரம்மல் வாழ்ந்தார். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக விலகின.

1811-இல் இளவரசர் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார். பிரம்மலின் நாவு அடங்கவில்லை. இளவரசரின் பருத்த உடலும் அவருடைய கேலிக்குத் தப்பவில்லை. 1813 ஜூலையில் பிரம்மலும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு நடன விருந்து நடத்தினர். அங்கு வந்த இளவரசர் மற்றவர்களிடம் பேசிவிட்டு, பிரம்மலைக் காணாதவர் போலக் கடந்து சென்றார். பிரம்மலோ அருகிலிருந்த ஆல்வான்லி பிரபுவிடம், அவருடைய அந்தத் தடித்த நண்பர் யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி வினவினார். பிளவு நிலைத்தது. அதன் பின்னும் மூன்று ஆண்டுகள் லண்டன் சமூகம் அவரைக் கைவிடவில்லை என்பது அவருடைய செல்வாக்குக்குச் சான்று.

அவரை வீழ்த்தியது சூதாட்டம். வாட்டியர் மன்றத்தின் மேசைகளில் தந்தை வழிச் செல்வம் கரைந்தது. அந்த எளிய உடைக்கும் செலவு குறைவன்று. ஓர் இளைஞன் சிக்கனமாக உடுத்த ஆண்டுக்கு எண்ணூறு பவுன் போதுமென்று அவர் சொன்னதாகக் கதையுண்டு. தையற்காரர்கள் அவர் தம் வாடிக்கையாளர் என்ற பெருமைக்காகவே கணக்கைக் கேளாதிருந்தனர். பின்னர் நண்பர்களும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட, வட்டிக்காரர்களிடம் கடன் வாங்கினார். அது வெளிப்பட்டு மன்றத்தில் பேச்சானது. 1816 மே 16 அன்று வீட்டில் சிறிது உணவருந்திவிட்டு, வழக்கம்போல் குற்றமற்ற உடையில் இசைநாடக அரங்குக்குச் சென்று, சற்று நேரம் இருந்து, முன்னதாகவே வெளியேறினார். காத்திருந்த வண்டி டோவர் துறைமுகத்தை நோக்கி விரைந்தது. மறுநாள் அவர் பிரான்சின் கலே நகரில் இருந்தார். சில நாட்களில் கிறிஸ்டி ஏலக்கூடத்தில் அவர் வீட்டுப் பொருள்கள் ஏலம் போயின. அவருக்காகக் கையெழுத்திட்டவர்களின் சுமையை அந்த ஏலத்தொகை தீர்க்கவில்லை. மிக நேர்த்தியாக உடுத்திய மனிதர் தம் கணக்கை மட்டும் நேர்த்தியாக முடிக்காமல் சென்றார். மூன்று வாரங்களுக்கு முன்புதான் பைரனும் இங்கிலாந்தைத் துறந்து கடல் கடந்திருந்தார். பைரன் சென்ற இடத்தில் எழுதினார். பிரம்மல் சென்ற இடத்தில் உடுத்தினார்.

கலேயில் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. காலை உடுத்தும் முறை அங்கும் மாறவில்லை. லண்டனிலிருந்து கண்டம் நோக்கிப் பயணம் செய்த நண்பர்கள் வழியில் வந்து கண்டு, உதவிப் பணமும் தந்து சென்றனர். 1821-இல் நான்காம் ஜார்ஜ் மன்னராகிவிட்ட பழைய நண்பர், ஹானோவர் செல்லும் வழியில் அதே கலேயில் தங்கினார். பிரம்மல் நல்ல மூக்குப்பொடி அனுப்பிவைத்தார். அழைப்பு வரவில்லை. மன்னர் அவரைக் காணாமலே புறப்பட்டார்.

1830-இல் மன்னர் இறந்தபின், பிரம்மலுக்கு நார்மண்டிப் பகுதியின் கான் நகரில் பிரிட்டிஷ் தூதரகப் பதவி கிடைத்தது. அங்கு வேலை அதிகமில்லை. வேறு நல்ல ஊரில் பதவி தருவார்கள் என்ற நம்பிக்கையில், இப்பதவி தேவையற்றது என்று அவரே லண்டனுக்கு எழுதினார். அரசு அவர் கூற்றை ஏற்று 1832-இல் பதவியை நீக்கியது. வேறு பதவி தரவில்லை. கடன்காரர்கள் 1835-இல் அவரைச் சிறையில் அடைத்தனர். இங்கிலாந்து நண்பர்கள் பணம் திரட்டி மீட்டனர்.

மீண்டபின் வறுமை உடையைத் தொட்டது. சலவைக் கூலி கொடுக்க இயலாமல், வாழ்நாளெல்லாம் கட்டிய வெள்ளைக் கழுத்துத்துணியை விட்டுக் கறுப்புப் பட்டைக் கட்டிக்கொண்டார். கறுப்பில் அழுக்குத் தெரியாது. அவரை அறிந்த கான் நகரத்தார் அதைக் கண்டு திகைத்தனர். ஒரே கால்சட்டை எஞ்சியது. அதைத் தைக்கக் கொடுத்த நாட்களில், திரும்பி வரும்வரை படுக்கையிலேயே இருந்தார். உள்ளூர்த் தையற்காரர் ஒருவர் கூலி வாங்காமலே அவர் ஆடைகளைத் தைத்துக் கொடுத்துவந்தார். கடனாகக் கோட்டுகள் தந்த லண்டன் தையற்காரர்களின் வரிசையில், புகழையும் எதிர்பாராமல் ஊசி எடுத்த அந்த மனிதரின் பெயர் இடம்பெறவில்லை.

பின்னர் மனமும் கலைந்தது. மேகநோய் மூளையைத் தாக்கியதே காரணம் என்று பிற்கால வாழ்க்கை வரலாறு கருதுகிறது. சில மாலைகளில் விடுதி அறையில் மெழுகுவத்திகளை ஏற்றச் செய்வார். பழைய நீலக் கோட்டை அணிந்து நிற்பார். பணியாள் கதவைத் திறந்து, டெவன்ஷயர் கோமகள் வந்திருப்பதாக அறிவிப்பான். அக்கோமகள் 1806-இலேயே இறந்துவிட்டவர். வெற்றுக்கதவை நோக்கிப் பிரம்மல் தலைவணங்கி, கைபிடித்து அழைத்து வந்து அமரச் செய்வார். ஒருவர்பின் ஒருவராக இல்லாத விருந்தினரால் அறை நிறையும். பத்து மணிக்கு வண்டிகள் வந்துவிட்டதாகப் பணியாள் சொல்வான், விருந்து கலையும். சில வேளை நடுவிலேயே நினைவு திரும்பி, வெற்று நாற்காலிகளைப் பார்த்து அழுவார்.

குளிப்பதும் மாற்றுத்துணி உடுத்துவதும் நின்றுபோயின. விடுதியின் பொதுமேசையில் அவரருகே அமரப் பிறர் மறுத்தனர். 1839-இல் கான் நகரின் போன் சோவர் மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார். கன்னியர் நடத்திய இல்லம் அது. தூய படுக்கையும், கணப்புத் தீயும், கனிவான பணிவிடையும் அங்குக் கிடைத்தன. இத்தனை வசதியாகத் தாம் என்றுமே இருந்ததில்லை என்று அவர் கன்னியரிடம் சொன்னதாக வரலாறு கூறுகிறது. அங்கு அவரைப் பார்த்து மதிப்பிடுவோர் எவருமில்லை. 1840 மார்ச் 30 அன்று உயிர் பிரிந்தது. கான் நகரின் புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கானில் அவரை நேரில் கண்டிருந்த காப்டன் ஜெஸ்ஸி 1844-இல் அவருடைய வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். மறு ஆண்டே பிரெஞ்சு எழுத்தாளர் பார்பே டோர்வில்லி அவரைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1863-இல் கவிஞர் போதலேர், பிரம்மல் வழிவந்த ஆடவரின் வாழ்நெறியைக் கலைஞனின் ஒழுக்கத்தோடு ஒப்பவைத்து ஆராய்ந்தார். 1930-இல் உளவியலார் ஃப்ளூகல், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்கள் அலங்காரத்தை விட்டதை ஆணினத்தின் மாபெரும் துறவு என்று பெயரிட்டார். 2002-இல் லண்டனின் ஜெர்மின் தெருவில் அவருக்குச் சிலை எழுந்தது.

அவர் வாழ்வைப் பின்பற்றத்தக்க வாழ்வு என்று எவரும் சொல்லார். நட்பைக் கேலிக்கு இரையாக்கினார். பிறர் பணத்தில் கடன்பட்டார். உடைக்கு அப்பால் தமக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்ளவில்லை. ஆயினும் பட்டமும் பொன்னிழையும் இல்லாத ஒருவன், தூய துணியாலும் சரியான அளவாலும், நிமிர்ந்து நின்று ஒரு கோமகனுக்கு நிகராக அவைக்குள் நுழைய முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் அவர். காலையில் கண்ணாடி முன் நின்று, சரியாக அமையாத கழுத்துப்பட்டியை அவிழ்த்து மீண்டும் கட்டும் எவரும் அவர் பெயரை நினைப்பதில்லை. தெருவில் எவரும் திரும்பிப் பார்க்காதபடி உடுத்த வேண்டும் என்று விதி செய்தவருக்கு, அது பொருந்தாத முடிவன்று.